நுகக்கூட்டு

விதோசாவின் அப்பாவிடம் ஓர் எருது இருந்தது. மிலோயேவின் அப்பாவிடமும் ஓர் எருதுதான். பிரேஸ்னா மலைச்சரிவில் இரண்டு எருதுக்குத் தீனி போட்டு மாளுகிற வசதி அந்தக் காலத்தில் யாருக்கும் கிடையாது. இவர் மாட்டையும் அவர் மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டி, முதலில் ஒருவர் நிலம், அது முடிந்த கையோடு அடுத்தவர் நிலம் என்று உழுதார்கள். நுகக்கூட்டு என்று அதற்குப் பெயர். ஊரில் பாதி வீடுகள் இப்படித்தான் ஜோடி ஜோடியாகப் பிழைத்தன.

எருதுகள் போய் வெகுகாலம் ஆகிறது. கூட்டு போகவில்லை. விதோசாவும் மிலோயேவும் தலையெடுத்ததும் இருவருமாகச் சேர்ந்து ஒரு பவர் டில்லர் வாங்கினார்கள். விதோசாவ் ஒரு கிடாரியை விற்றான். மிலோயே அந்த வருஷத்துப் பிளம் சாராயம் மொத்தத்தையும், அடிவண்டல்கூட மிச்சம் வைக்காமல் விற்றான். "ஒரு குளிர்காலம் முழுக்க வெறும் பச்சைத் தண்ணியக் குடிச்சு வாங்குன வண்டிடா இது" என்று கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். விதோசாவின் மகனுக்கு ஞானஸ்நானத்தில் கைதாங்கியவனும் அவன்தான். அந்த உறவுக்குக் 'கும்' என்று பெயர். கூடப்பிறந்தவனைவிட ஒரு படி மேலே வைப்பார்கள். அன்றிலிருந்து இருவரும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வது கிடையாது. குமே என்றால் குமே.

கூட்டுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கலப்பையைக் கூட்டாளி நிலத்துக்குக் கொண்டுபோகும்போது சேற்றைக் கழுவக்கூடாது. ஒரு மண்ணிலிருந்து எழுந்தது அப்படியே மறு மண்ணில் இறங்க வேண்டும். கழுவி அனுப்பினால் உன் சங்காத்தம் போதும் என்று அர்த்தம்; வாயைத் திறந்து வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கீழ்ச்சரிவில் ஒருவன் ஏதோ வேலித் தகராறில் கலப்பையைக் கழுவி அனுப்பிவிட்டான். அந்த இரண்டு வீட்டாரும் இன்றைக்கும் ஒருவர் சாவுக்கு ஒருவர் போவதில்லை. உழவெல்லாம் முடிந்த பிறகு இரண்டு வீட்டு ஆட்களும் ஓடைக்குப் போய், ஆளுக்கொரு பக்கம் குந்தி, சேர்ந்து கழுவுவதுதான் முறை.

கலப்பை போய் டில்லர் வந்தபோது சட்டமும் அதன் கத்திகளோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அந்தச் சரிவில் எல்லோருக்கும் ராஸ்பெர்ரிதான் சோறு போடுகிறது. ஜூன் கடைசியில் பழுக்க ஆரம்பித்தால் ஒரு மாதம் நிமிர நேரமிருக்காது. விடியுமுன் வரிசைக்குள் நுழைந்தால், விரல் நுனியெல்லாம் சிவந்து, முள் கீறிய முன்கை எரிய, சாயங்காலம்தான் வெளியே வருவார்கள். பழம் ஒரு ராத்திரி தாங்காது. அன்றன்றைக்கே கிடங்குக்குப் போய்க் குளிரில் உறைய வேண்டும். ஆகவே கிடங்குக்காரன் சொல்வதுதான் விலை.

அந்தக் கிடங்குக்காரன்தான் ஒரு குளிர்காலத்தில் பங்காளித் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தான். புது நாற்று கொடுப்பான், உரம், மருந்து, சொட்டுநீர்க் குழாய், கம்பி எல்லாம் கொடுப்பான். ரொக்கம் வேண்டாம், பழத்தில் கழித்துக்கொள்வான். பழம் முழுவதும் அவனுக்கே போட வேண்டும். விளக்கிச் சொல்ல வந்தவன் நேனாத் என்ற பையன். பச்சைச் சட்டை, சேறு படாத காலணி. கேட்டவர்களில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். விதோசாவும் போட்டான். அவன் கீழ்வயல் செடிகள் கிழடாகிவிட்டிருந்தன. புதிதாக நடக் கையில் வழியில்லை. அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை.

மிலோயே போடவில்லை.

"எனக்கு எதுக்கு அதெல்லாம்? எங்கப்பன் வச்ச செடி. வருஷா வருஷம் சாணியும் சாம்பலும் கேக்குது, வேற ஒண்ணும் கேக்கல. இவன் நாத்து சாப்பாட்டுக்கு முன்னால மருந்து கேக்கும், பின்னால மருந்து கேக்கும், உங்கப்பத்தா மாதிரி."

"உன் செடி குடுக்கறத மாதிரி ரெண்டு பங்கு குடுக்கும் பாரு" என்றான் விதோசாவ்.

குடுக்கத்தான் செய்தது. காய்ப்புக்கு வந்த முதல் வருஷமே கொடி தெரியாமல் பழம். பறிக்க ஆள் போதாமல் விதோசாவின் மனைவி ஸ்லாவ்கா தன் தங்கையை அரில்யேவிலிருந்து கூட்டிவந்தாள். கிடங்கு வாசலில் கிரேட்டுகளை அடுக்கியபோது விதோசாவுக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் போயிற்று. உரத்துக்கு, மருந்துக்கு, குழாய்க்கு, கிரேட் வாடகைக்கு என்று கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் வைத்தபோது நிமிர்ந்தது கொஞ்சம் இறங்கிற்று. மிலோயே விடுவானா?

"நீ என்னைவிட ரெண்டு பங்கு பழம் பறிச்ச. கடைசில என் அளவு காசுதான் வாங்குன. நடுவுல இருக்கற பழத்த யாரு தின்னா, குமே?"

"அடுத்த வருஷம் குழாய்க் காசு இருக்காது. அப்பப் பாரு."

"பாக்கறேன், பாக்கறேன். கண்ணு இருக்கே."

கேலிதான். ஆனால் மாதங்கள் போகப் போக அதில் ஒரு முள் ஏறியது. விதோசாவுக்கு உரமூட்டை இறக்கக் கிடங்கு லாரி வரும் நாளில் மிலோயே அந்தப் பக்கம் வரமாட்டான். மருந்தடிக்க எந்த நாள் என்று கேட்கவும் மாட்டான். அக்டோபரில் மிலோயே வீட்டுப் புனிதர் திருநாள் வந்தது. மெழுகுவர்த்தி ஏற்றி, ரொட்டி வெட்டி, முட்டைக்கோஸ் உருண்டையும் பன்றிக்கறியுமாக மேஜை நிறைந்திருந்தது. மூன்றாவது கோப்பை உள்ளே போனதும் மிலோயே எழுந்து நின்றான்.

"எல்லாரும் பாத்துக்கங்க. இந்தா உக்காந்திருக்கானே என் கும், இவன் இப்பக் கம்பெனிக்காரன். கம்பெனிக்காரனுங்களுக்குச் சுத்தம் ரொம்ப. வர்ற வசந்தத்துல டில்லரக் கழுவித்தான் எனக்கு அனுப்புவான், வேணும்னா பந்தயம்!"

மேஜை குலுங்கச் சிரித்தார்கள். விதோசாவும் சிரித்தான். சிரித்துவிட்டு ரொட்டி மேல் கை வைத்து, "என் கை விளங்கற வரைக்கும் உனக்குக் கழுவி அனுப்பமாட்டேன் குமே" என்றான். மிலோயேவுக்குக் கண் கலங்கிவிட்டது. கேலி செய்தவன்தான் கட்டிப்பிடித்து முத்தமும் கொடுத்தான்.

அடுத்த வசந்தத்தில் மழை விட்டு விட்டு ஏப்ரல் முழுக்கப் பெய்தது. வரிசைகளுக்கு நடுவே உழ முடியாமல் நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. விதோசாவ் காலையில் எழுந்ததும் வானத்தைத் திட்டுவான், காபி குடிப்பான், மறுபடி வந்து திட்டுவான். கீழ்வயலில் ஓடையோரம் இருந்த மூலையில் கொடிகள் துளிர்விடாமல் நின்றன. துளிர்த்த சிலதும் நுனி வளைந்து தொங்கிக் கருகின. தண்ணீர் அதிகம் என்று நினைத்தான். பிறகு வரிசையில் அடுத்ததும், அதற்கடுத்ததும் தொங்கின. நேனாத்தைக் கூப்பிட்டான்.

அந்தப் பையன் ஒரு செடியைப் பிடுங்கி, வேரை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். உள்ளே செங்கல் நிறம். கீழே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"வேர் அழுகல்" என்றான்.

"மருந்து?"

"தாங்கிப் பிடிக்கலாம். போகாது. ஈரத்துல ஓடும், மண்ணோட ஓடும். இங்க போட்ட பூட்ஸு, மம்பட்டி, டில்லரு எதையும் கழுவாம வேற வயலுக்குக் கொண்டுபோயிராதீங்க. ஒரு கைப்பிடி மண்ணு போதும்."

"உங்க நாத்துல வந்ததுதான இது?"

நேனாத் சரிவின் மேலே எங்கோ பார்த்தான். "அத எப்படிச் சொல்ல முடியும்? மழை ஜாஸ்தி இந்த வருஷம்." வண்டியில் ஏறியவன் கண்ணாடியை இறக்கி, "கழுவச் சொன்னது நான்னு வெளிய சொல்லாதீங்க, எம் பொழப்பு" என்றான். காலணியை மட்டும் ஏறுவதற்கு முன்பே வாளித் தண்ணீரில் நன்றாக அலம்பியிருந்தான்.

மழை ஓய்ந்து இரண்டு நாள் வெயிலடித்ததும் சரிவு முழுக்க எஞ்சின் சத்தம் கேட்கத் தொடங்கியது. விதோசாவ் அதிகாலையில் இறங்கிக் கீழ்வயலை உழுதான். நோய் பட்ட மூலையை விட்டுவிடலாமா என்று யோசித்து, விட்டால் மேலேயிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும் என்று அதையும் ஓட்டினான். வெயிலேறும் நேரத்தில் முடித்து, டில்லரை வீட்டு வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். கத்திகளில் கருத்த சேறு கட்டி கட்டியாக அப்பியிருந்தது. மேலே மிலோயே வயல் வாசலில் நின்று கைக்குட்டையை ஆட்டினான்.

ஸ்லாவ்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வழியை மறித்தாள்.

"ஓடைக்குக் கொண்டுபோய் அலசிட்டு மேல ஏத்து."

"கழுவிட்டுப் போனா அவன் என்ன நெனப்பான்?"

"என்னத்தையும் நெனைக்கட்டும். காரணத்தச் சொல்லு. உனக்கு வாய் எதுக்கு இருக்கு, சாராயம் ஊத்தவா?"

"சொன்னா? 'அன்னிக்கே சொன்னேன், கம்பெனி நாத்து ஆகாதுன்னு'ன்னு ஊரு பூராச் சொல்லிச் சிரிப்பான். ரொட்டி மேல கை வச்சு நான் சொன்னத எல்லாரும் கேட்டாங்க."

"சிரிக்கட்டும்! சிரிச்சா உன் பல்லா கொட்டிரும்? அவங்களுக்கு அந்த ஒரு வயலத் தவிர என்ன இருக்கு?"

"ஒரு கைப்பிடி மண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. அது சரிவு, தண்ணி நிக்காது. அந்தப் பையன் சின்னப்பய, பயமுறுத்தறான்."

ஸ்லாவ்கா வழியை விட்டு விலகினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விதோசாவ் வாசலில் தனியாக நின்றான். ஒரு குச்சியை எடுத்துக் கத்திகளில் இருந்த பெரிய கட்டிகளைத் தட்டிவிட்டான். இரும்பு பளிச்சென்று வெளியே தெரிந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கழுவியதுபோல இருக்குமோ என்று ஒரு எண்ணம் வந்தது. குனிந்து, தட்டிவிட்ட சேற்றையே அள்ளிக் கத்திகளில் மறுபடி அப்பினான்.

அந்த ஒரு வேலையை அவன் கை எப்படிச் செய்தது என்று அப்புறம் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறான். அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. எஞ்சினை முடுக்கி ஏற்றத்தில் விட்டான்.

வண்டி வந்ததும் வராததுமாக மிலோயே குனிந்து கத்திகளைத்தான் பார்த்தான். சேற்றை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினான், மாட்டு முதுகைத் தட்டுகிற மாதிரி. முகமெல்லாம் பல்.

"ஸ்தானியா! ஏ ஸ்தானியா! பந்தயத்துல நான் தோத்துட்டேன். கொண்டா எல்லாத்தையும்!"

அவன் மனைவி சோள ரொட்டியும், கெட்டிப் பாலாடையும், வெங்காயமும், ஒரு சின்னப் புட்டியும் கொண்டுவந்து புல்மேல் விரித்த துணியில் வைத்தாள். ரொட்டி இன்னும் சுட்டது. பாலாடை அதன்மேல் உருகி விரலில் வழிந்தது. விதோசாவ் ஒரு துண்டைப் பிய்த்துக் கையிலேயே வைத்திருந்தான்.

"சாப்புடு குமே. என்ன, கம்பெனிச் சாப்பாடு சாப்ட்டு எங்க ரொட்டி எறங்கலியா?"

"காலையில நெறையச் சாப்ட்டுட்டேன்."

"நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத." மிலோயே குரலைத் தாழ்த்தினான். "திருநாளன்னிக்கு நான் பேசுனது அதிகப்படி. இவ ஒரு வாரம் என்னைத் திட்டுனா. உள்ளுக்குள்ள எனக்குப் பயம் குமே. நீ பெரிய ஆளாயிட்டா இந்தக் கூட்டெல்லாம் உனக்கு எதுக்குன்னு. இன்னிக்குக் கழுவி வந்திருந்தா நான் செத்திருப்பேன்."

விதோசாவ் புட்டியை எடுத்து ஒரு மடக்குக் குடித்தான். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. வண்டி இன்னும் வரிசைக்குள் இறங்கவில்லை. மிலோயே அவனையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைக் கெடுக்க விதோசாவுக்கு மனசு வரவில்லை. எழுந்து டில்லரை முதல் வரிசைக்குள் இறக்கினான்.

அந்த வருஷம் ஒன்றும் ஆகவில்லை. சரிவு காப்பாற்றிவிட்டது என்று விதோசாவ் நம்பத் தொடங்கினான். மறு ஜூனில், பழம் நிறம் மாறுகிற நேரத்தில், மிலோயே வயலின் முதல் வரிசையில் கொடிகள் நுனி வளைந்தன. பழம் பாதி சிவந்தபடியே காம்பில் காய்ந்து நின்றது.

"தண்ணி நிக்குது போல" என்று மிலோயே வரிசையோரம் முழுக்க வாய்க்கால் வெட்டினான். விதோசாவும் மம்பட்டி எடுத்துப் போய்க் கூட வெட்டினான். உடம்பு நோக நோக வெட்டினால் ஏதாவது தீரும் என்பதுபோல வெட்டினான். சாம்பலைக் கொட்டினார்கள், சுண்ணாம்பு போட்டார்கள். பாதிரியாரை அழைத்துத் தண்ணீர் தெளிக்கச் சொன்னாள் ஸ்தானியா. ஒவ்வொரு வாரமும் ஒரு வரிசை போயிற்று. எந்த ஊர் வியாதி இது, எப்படி வந்தது என்று மிலோயே கேட்கும்போதெல்லாம் விதோசாவ், "மழை ஜாஸ்தி" என்றான். சொல்லும்போதே அது நேனாத்தின் குரலாகத் தன் காதில் விழுந்தது.

குளிர்காலம் முடிந்து பனி உருகியபோது மிலோயே வயலில் பச்சை என்று சொல்ல ஒன்றுமில்லை. கம்பியும் கம்பமும் காய்ந்த கொடியும்தான். விதோசாவின் கீழ்வயலும் பாதிக்கு மேல் போய்விட்டது. கிடங்கிலிருந்து லாரி வருவதும் நின்றுவிட்டது. ஆனால் அவனுக்கு மேல்வயல் இருந்தது, உருளைக்கிழங்கு போட இடம் இருந்தது, வியன்னாவில் லாரி ஓட்டுகிற மகன் இருந்தான்.

ஒரு சனிக்கிழமை மிலோயே டில்லரைத் தள்ளிக்கொண்டு இறக்கத்தில் வந்தான். குளிர்காலத்தில் அது அவன் கொட்டகையில் கிடந்தது. போன வருஷத்துச் சேறு இன்னும் அதில் காய்ந்திருந்தது. ஓடைக்குப் போய்ச் சேர்ந்து கழுவ இருவருக்குமே தெம்பில்லாமல் போன வருஷம் அது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். கும் வீட்டு வாசலில் அவன் தொப்பியைக் கழற்றி ஒருபோதும் நின்றதில்லை.

"குமே, வெக்கத்த விட்டுச் சொல்றேன். உன் கம்பெனி ஆளுகிட்ட எனக்காக ஒரு வார்த்தை பேசு. நாத்து குடுப்பானா? கையெழுத்து எங்க போடச் சொன்னாலும் போடறேன். பழையத எல்லாம் பிடுங்கிட்டு அதே எடத்துல வச்சுக்கறேன்."

ஸ்லாவ்கா காபிச் சட்டியோடு வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றாள். புருஷனைப் பார்த்தாள்.

"அந்த மண்ணுல நடாத குமே" என்றான் விதோசாவ்.

"ஏன்?"

"பத்துப் பன்னெண்டு வருஷத்துக்கு அந்த மண்ணுல ராஸ்பெர்ரி நிக்காது. வேர் அழுகல் அது. மண்ணுக்குள்ள இருக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

விதோசாவ் சொன்னான். பையன் வேரைச் சுரண்டியது, கழுவச் சொன்னது, ஸ்லாவ்கா மறித்தது, குச்சியால் தட்டியது, தட்டிய சேற்றைத் திரும்ப அப்பியது எல்லாவற்றையும் சொன்னான். ஒன்றைக்கூட விடவில்லை.

மிலோயே டில்லரின் கத்தியைத் தொட்டுப் பார்த்தான்.

"கழுவியிருக்கலாமே" என்றான்.

"கழுவுனா கூட்டு முறிஞ்சதுன்னு நெனப்பியோன்னு..."

"நெனச்சிருப்பேன். கண்டபடி திட்டியிருப்பேன். ஒரு வருஷம் மூஞ்சியில முழிச்சிருக்கமாட்டேன்." தொப்பியை இரு கையாலும் திருகினான். "அப்புறம் பேசியிருப்பேன், குமே. உன்னை விட்டா எனக்கு யாரு? ஒரு திருநாளைக்கு நீ வராம இருந்திருந்தா அடுத்த திருநாளைக்கு நானே வந்து இழுத்துட்டுப் போயிருப்பேன். செடியும் இருந்திருக்கும்."

விதோசாவுக்கு அழுகை வந்தது. ஸ்லாவ்கா முன்னால் அழுவதற்கும் வெட்கப்படவில்லை.

"நானும் அந்தக் குடிகார வாயால பந்தயம் கட்டாம இருந்திருக்கலாம்" என்றான் மிலோயே. அதைத் தனக்கே சொல்லிக்கொண்டதுபோல இருந்தது.

பிறகு வாசல் குழாயில் கிடந்த ரப்பர் ஹோஸை எடுத்தான். டில்லருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கத்திகளைக் கழுவத் தொடங்கினான். காய்ந்த சேறு லேசில் விடவில்லை. ஒவ்வொரு கத்தியாக, மடிப்பு மடிப்பாக, நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கழுவினான். விதோசாவ் மறுபக்கம் குந்தப் போனான்.

"நீ தள்ளு" என்றான் மிலோயே. குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இரும்பு பளபளவென்று வந்ததும் குழாயை மூடினான். கையைக் கால்சட்டையில் துடைத்தான். "வண்டி இங்கயே இருக்கட்டும். எனக்கு உழ ஒண்ணும் இல்ல. ஊழித்சே டவுன்ல ஒரு மரமில்லுல ஆள் எடுக்கறாங்களாம், போய்ப் பாக்கறேன்." ஸ்லாவ்கா நீட்டிய காபியை வாங்கவில்லை. "விதோசாவ்" என்று பேர் சொல்லித் தலையசைத்துவிட்டு ஏற்றத்தில் நடந்து போனான்.

அந்த வசந்தத்தில் விதோசாவ் மேல்வயலைத் தனியாக உழுதான். உருளைக்கிழங்கு நிலத்தையும் உழுதான். கடைசி வரிசை முடிந்ததும் கை பழக்கத்தில் டில்லரை மிலோயே வயல் ஏற்றத்துக்குத் திருப்பிவிட்டது. பாதி வழி போன பிறகுதான் உறைத்தது. மேலே வயல் வாசலில் யாரும் இல்லை. காய்ந்த கொடிகளைக்கூட யாரோ பிடுங்கிக் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு வீடு வந்தபோது ஸ்லாவ்கா ஹோஸை எடுத்து நீட்டினாள். "கழுவிட்டு உள்ள தள்ளு. இரும்பு துருப்புடிச்சிரும்."

"இருக்கட்டும்" என்றான் விதோசாவ். சேற்றோடு அப்படியே கொட்டகைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான்.